கல்லடிக் கடற்கரையில் ஒரு கூத்து மாலை: அனுமதிகள் வந்த வழி

திட்டம் சிறியது. மட்டக்களப்பு நகரின் கல்லடிக் கடற்கரையில் ஒரு சனிக்கிழமை மாலை வடமோடிக் கூத்து, எங்கள் பக்கத்து மரபுக் கூத்தில் ஒரு வகை. கூத்தாடும் இடமான களரியைச் சுற்றி எங்கள் பக்கத்துப் பெண்களின் சாப்பாட்டுக் கடைகள். தொடக்கத்தில் பறையும் மத்தளமுமாக ஓர் ஊர்வலம். நுழைவு இலவசம். நடத்தியது ஒரு சின்னக் கலைக்கழகம்; பதிவு இருக்கிறது, கையில் பெரிதாகக் காசு இல்லை. 2025 மே 6இல் உள்ளூராட்சித் தேர்தல் நடந்து, மாநகர சபைக்கு மீண்டும் உறுப்பினர்கள் வந்த பிறகான வெயில் காலத்தில் இது நடந்தது.

மட்டக்களப்பில் இப்படி ஒரு நிகழ்ச்சி வைக்க ஆசைப்பட்டு, "பெர்மிட் எடுக்கிறது பெரிய கரைச்சலாம்" என்று கைவிட்டவர்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்களுக்காகத்தான் இதை விரிவாக எழுதுகிறேன். கரைச்சல் இருப்பது உண்மை. ஆனால் அது சட்டம் கடுமையாக இருப்பதால் வருவதல்ல. எந்தக் கதவை முதலில் தட்டுவது, யாரிடம் எதை எழுத்தில் கேட்பது என்று எங்கேயும் ஒரு தாளில் எழுதி ஒட்டப்படவில்லை. அதனால் வருகிற கரைச்சல்தான் பெரும்பகுதி. நாங்கள் போன வழி எல்லாருக்கும் பொருந்தும் என்று சொல்லவில்லை. கடற்கரையோ, பூங்காவோ, கோயில் வீதியோ, இடத்தைப் பொறுத்து அலுவலகம் மாறும். ஆனாலும் வரிசை பெரும்பாலும் இதுதான்.

முதலில் இடம், அப்புறம்தான் மற்றதெல்லாம்

எங்கள் கழகத்தில் எல்லாரும் முதலில் பொலிஸுக்குப் போவோம் என்றார்கள். பொதுவாக எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பொலிஸ் நிலையத்தில் கேட்கப்படும் முதல் கேள்வியே "இடத்துக்குரியவரின் கடிதம் எங்கே?" என்பதுதான். இடத்துக்குரிய அலுவலகத்துக்குப் போனால் "பொலிஸுக்கு ஆட்சேபனை இல்லை என்று கடிதம் கொண்டு வாருங்கள்" என்பார்கள். இரண்டு பேரும் தங்கள் பக்கத்தில் சரியாகத்தான் கேட்கிறார்கள். இடையில் நிற்பவர்தான் அலைகிறார்.

இந்த வட்டத்தை உடைக்க ஒரு வழி இருக்கிறது. இடத்துக்குரிய அலுவலகத்திடம் முழு அனுமதி கேட்காமல், "பொலிஸ் அனுமதிக்கு உட்பட்டு, கொள்கையளவில் ஆட்சேபனை இல்லை" என்ற ஒரு வரிக் கடிதத்தைக் கேட்க வேண்டும். அப்படியொரு கடிதத்தில் கையெழுத்து வைப்பதால் எந்த அதிகாரிக்கும் ஆபத்து இல்லை. அந்தத் தாளோடு பொலிஸுக்குப் போனால் பேச்சு வேறு விதமாக இருக்கும். ஓய்வு பெற்ற எழுதுவினைஞர் ஐயா ஒருவர் எங்களுக்கு இதைச் சொல்லித் தந்தார். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்றால் நான் அதைத்தான் சொல்வேன்.

சரி, கடற்கரை யாருடையது? காந்தி பூங்கா என்றால் மாநகர சபையோடு பேச்சு முடிந்துவிடும். வெபர் மைதானம் போன்ற இடங்களுக்கும் பொறுப்பான அலுவலகம் ஒன்று இருக்கும். முற்பதிவு, கட்டணம், பற்றுச்சீட்டு என்று வழி நேராக இருக்கும். கடற்கரை மணல் அப்படியல்ல. அது அரச காணி. ஆகவே பிரதேச செயலகம் வருகிறது, எங்களுக்கு அது மண்முனை வடக்கு. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டப்படி உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம். ஆகவே கரையோரம் பேணல் திணைக்களமும் வருகிறது. குப்பை அள்ளுவதும் கடைகளும் மாநகர சபையின் பொறுப்பு. கிராம உத்தியோகத்தருக்கும் (ஊரில் ஜி.எஸ். என்பார்கள்) தெரிந்திருக்க வேண்டும். அவரது சிபாரிசு இல்லாத விண்ணப்பத்தைப் பிரதேச செயலகத்தில் திருப்பித் தருவார்கள், ஆகவே ஜி.எஸ். வீட்டிலிருந்தே தொடங்குவது நல்லது.

கரையோரத் திணைக்களத்தின் கவலை முழுவதும் கட்டுமானம் பற்றியது. மேடை எத்தனை அடி, இரும்பா மரமா, கொங்கிறீற் போடுவீர்களா, எத்தனை நாள் நிற்கும் என்று கேட்பார்கள். எங்கள் முதல் வரைபடத்தில் வாடகை மேடை ஒன்று இருந்தது. அதைப் பார்த்த அண்ணாவியார்தான், எங்களுக்குக் கூத்துப் பழக்கும் ஆசான், "கடற்கரையில கூத்தாடுறதுக்கு மேடை என்னத்துக்கு? வட்டக்களரி போடுங்க" என்றார். அவர் சொன்னது கலைக்காக. ஆனால் அனுமதி விஷயத்திலும் அது பெரிய உதவியாகிவிட்டது. மணலைக் கொஞ்சம் உயர்த்தி வட்டமாக்கி, சுற்றிக் கம்பு நட்டு, வெளிச்சம் கட்டினால் களரி தயார். அடுத்த நாள் காலை கம்பைப் பிடுங்கினால் கடற்கரை பழையபடி. இதையே வரைபடத்தில் எழுதிக் கொடுத்தபோது கேள்விகள் பாதியாகக் குறைந்தன. எங்கள் முன்னோர் கூத்தாடிய முறையே இன்றைய சட்டத்துக்கு மிக இலகுவாகப் பொருந்தும் முறையாகவும் இருந்தது. எனக்கு இது இன்னும் சந்தோஷம் தருகிற விஷயம்.

பொலிஸ்: சட்டம் கேட்பதும் வழக்கம் கேட்பதும்

1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டம்தான் இன்றும் ஊர்வலங்களுக்கு அடிப்படை. அதன் 77ஆம் பிரிவு, ஊர்வலம் தொடங்குவதற்குக் குறைந்தது 6 மணித்தியாலங்களுக்கு முன், தொடங்கும் இடத்துக்கு அருகிலுள்ள பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு அறிவித்தல் கொடுக்கச் சொல்கிறது. அறிவிக்கத்தான் சொல்கிறது; அனுமதிப்பத்திரம் எடுக்கச் சொல்லவில்லை. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஓர் அதிகாரி, பொது ஒழுங்கைக் காப்பதற்கு அவசியம் என்று கருதினால், ஊர்வலத்தைத் தடுக்கவோ நிபந்தனை போடவோ முடியும். அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை அமைதியாகக் கூடும் சுதந்திரத்தை ஒவ்வொரு பிரசைக்கும் தருகிறது. சட்டப்படி நிலைமை இதுதான்.

வழக்கம் வேறு. 6 மணித்தியாலத்தை நம்பி யாரும் போகக்கூடாது. குறைந்தது இரண்டு வாரத்துக்கு முன் கடிதம், பாதை வரைபடம், பொறுப்பாளர்களின் பெயர், அடையாள அட்டை இலக்கம், வருவோர் தொகை என்று எல்லாம் கேட்பார்கள். கொடுக்கலாம், கொடுப்பதில் நட்டம் இல்லை. ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்து கொண்டு கொடுப்பதும், தெரியாமல் கெஞ்சிக் கொண்டு நிற்பதும் ஒன்றல்ல. எங்கள் கடிதத்தின் தலைப்பிலேயே "77ஆம் பிரிவின் கீழான அறிவித்தல்" என்று போட்டோம். குரலை உயர்த்தவில்லை, விவாதிக்கவும் இல்லை. அந்த ஒரு வரி இருந்ததால் பேச்சு நடத்துவதா இல்லையா என்பதிலிருந்து எப்படி நடத்துவது என்பதற்கு மாறியது.

எங்கள் ஊரில் இதற்கு இன்னொரு சிக்கல் உண்டு. கல்லடி, மட்டக்களப்பு மாநகர சபை எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆனால் நகரையும் கல்லடியையும் இணைக்கும் பாலத்தைக் கடந்தால் பொலிஸ் பிரிவு மாறிவிடுகிறது. அது காத்தான்குடிப் பொலிஸ் பிரிவு. எங்கள் ஆரம்ப ஆசை, காந்தி பூங்காவில் தொடங்கி, அரசடிப் பக்கமாக வந்து, கல்லடிப் பாலத்தைக் கடந்து கடற்கரைக்குப் போவது. பார்க்க அழகாக இருந்திருக்கும். வாவியின் மேலே பறை ஒலித்துக் கொண்டு போவதை நினைத்தால் இப்போதும் மனம் கேட்கவில்லை. ஆனால் அந்த வழியென்றால் இரண்டு பொலிஸ் நிலையங்களோடு பேச வேண்டும். பிரதான வீதியின் போக்குவரத்தும் நிற்கும்.

அதைவிட எங்களை யோசிக்க வைத்தது வேறொன்று. தெற்கே காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடிப் பக்கமிருந்து மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு வரும் அம்புலன்ஸ் அந்தப் பாலத்தால்தான் வர வேண்டும். 1924இல் திறந்த பழைய பாலம் மட்டும் இருந்த காலத்தில் அதில் ஒரு லொறி நின்றாலே என்ன பாடு என்று ஊரில் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். 2013இல் புதிய பாலம் வந்து அந்த நெருக்கடி தீர்ந்தது. அதை ஒரு மாலைக்கு நாங்களே மறுபடியும் உண்டாக்க வேண்டுமா? ஊர்வலத்தைக் கல்லடிப் பக்கத்திலேயே தொடங்கி, உள்வீதிகளால் கடற்கரைக்குக் கொண்டுபோவதென்று முடிவெடுத்தோம். ஒருவரும் எங்களை வற்புறுத்தவில்லை. யாரும் கேட்காமலே நாங்கள் பாலத்தை விட்டுக் கொடுத்ததைப் போக்குவரத்துப் பிரிவில் நல்ல மாதிரி எடுத்துக் கொண்டார்கள்; பிறகு நாங்கள் கேட்ட இரண்டொரு விஷயத்துக்கு அவர்களும் இடம் கொடுத்தார்கள்.

பாதுகாப்புப் பற்றியும் சொல்ல வேண்டும். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி சீயோன் தேவாலயத்தில் நடந்த குண்டுத் தாக்குதலை இந்த நகரத்தில் மறந்தவர் யாருமில்லை. பொதுக்கூட்டம் என்றால் வாசல் எங்கே, வெளியேறும் வழி எத்தனை, வாகனங்களை எங்கே நிறுத்துவீர்கள், பைகளை யார் பார்ப்பது என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. இதை வெறும் தாள்வேலையாக எண்ணாமல் உண்மையாகவே யோசித்துப் பாருங்கள். கடற்கரை திறந்த வெளிதான். ஆனாலும் இருட்டில் குழந்தைகள் கடல் பக்கம் ஓடுவார்கள். நாங்கள் தண்ணீர்ப் பக்கம் கயிறு கட்டி, நீச்சல் தெரிந்த இளைஞர்களை நிறுத்துவதாக எழுதிக் கொடுத்தோம். திட்டத்தில் அதிகாரிகள் மிகவும் கவனித்து வாசித்த பகுதி அதுதான். 2004 சுனாமியில் நாவலடியும் கல்லடியும் பட்டதை அறிந்த எவரும் அப்படித்தான் வாசிப்பார்கள்.

பத்து மணி

ஒலிபெருக்கிக்குத் தனி அனுமதி வேண்டும். அதே கட்டளைச் சட்டத்தின் 80ஆம் பிரிவு. நிகழ்ச்சிக்கு அனுமதி கிடைத்துவிட்டது, ஒலிபெருக்கியும் அதற்குள் அடங்கும் என்று எண்ணிப் பலர் மாட்டிக் கொள்கிறார்கள். அடங்காது. இதற்கு விண்ணப்பம் வேறு, தாள் வேறு. அந்தத் தாளை அன்று மாலை சவுண்ட் பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்க வேண்டும்.

2007 நவம்பரில் உயர் நீதிமன்றம் வெலிகமப் பள்ளிவாசல் ஒன்றின் ஒலிபெருக்கி தொடர்பான வழக்கில் கொடுத்த உத்தரவு இப்போது நாடு முழுக்கப் பின்பற்றப்படுகிறது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி அனுமதி கொடுக்கக் கூடாது. மற்ற நேரத்திலும் சத்தம் அந்த வளாகத்துக்கு வெளியே போகக் கூடாது. விசேட சமய நிகழ்வுகளுக்கும் வேறு விசேட நிகழ்வுகளுக்கும், சுற்றியுள்ளவர்களின் கருத்தைக் கேட்டு விலக்களிக்க இடமுண்டு. எங்கள் கூத்து கோயில் சடங்கோடு சேர்ந்ததல்ல. ஆகவே நாங்கள் விலக்குக் கேட்கவில்லை.

வடமோடிக் கூத்து விடிய விடிய ஆடுவது. இரவு ஒன்பது, பத்து மணிக்குக் களரி கட்டி, கிழக்கு வெளுக்கும்போது மங்களம் பாடுவதுதான் முறை. ஒலிபெருக்கி ஓய வேண்டிய நேரமும் கூத்துத் தொடங்கும் நேரமும் ஏறக்குறைய ஒன்று. அண்ணாவியாரிடம் இதைச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "பொழுது படமுன்னம் கூத்தாடினா ஆர் தம்பி பாக்கிற?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இருக்கவில்லை.

ஒலிபெருக்கியே இல்லாமல் விடிய ஆடலாமே என்று கழகத்தில் ஒரு யோசனை வந்தது. அந்தக் காலத்தில் மைக் ஏது? ஆனால் மேளம், பறை அடிப்பது பற்றியும் இரவில் ஊரின் தூக்கத்தைக் கெடுப்பது பற்றியும் அதே பழைய கட்டளைச் சட்டத்தில் பேச்சு இருக்கிறது. அதோடு கடற்கரையை ஒட்டி இப்போது விடுதிகளும் வீடுகளும் நெருக்கமாகிவிட்டன. ஒரு வயலும் கோயில் வெளியுமாக இருந்த இடத்தில் ஆடியதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. கடைசியில் சுருக்கிய கூத்து என்று முடிவானது. பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் மட்டக்களப்புக் கூத்தைச் சுருக்கி மேடையேற்றிய காலத்திலிருந்து அப்படி ஒரு வழியும் எங்களுக்கு உண்டு. அண்ணாவியார் தானே உட்கார்ந்து எந்த வரவை (பாத்திரம் களரிக்கு வரும் காட்சியை) வைப்பது, எந்தத் தருவை (பாட்டை) விடுவது என்று கொப்பியில் குறித்தார். மனமில்லாமல்தான் செய்தார். கோயில் களரியில் முழுக்கூத்தும் இன்னும் நடக்கிறது என்பதால் அவர் சம்மதித்தார். இங்கே நாங்கள் காட்டியதுதான் கூத்து என்று அறிவிப்பில் சொல்லக் கூடாது, சுருக்கம் என்று சொல்ல வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. அந்த நிபந்தனையையும் மற்ற நிபந்தனைகளைப் போலவே மதித்தோம்.

பிரதி கேட்பார்களா என்று பலர் கேட்கிறார்கள். 1912ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் கீழ் மேடை நாடகப் பிரதிகளைப் பார்த்து அனுமதிக்கும் சபை ஒன்று கொழும்பில் இருக்கிறது. புதிய நாடகம் போடுகிறவர்கள் அதை முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். எங்களிடம் பொலிஸில் கேட்டது கதை என்ன என்பது மட்டும். மகாபாரதக் கதை என்று ஒரு பக்கச் சுருக்கம் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கொடுத்தோம். கேட்க முன்னரே கொடுத்தால் இன்னும் நல்லது.

பெட்டிகளைக் கடல் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னது சவுண்ட்காரத் தம்பி. அந்த மாதங்களில் கச்சான் காற்றுத் தரையிலிருந்து கடலுக்கு வீசும். சத்தமும் அதோடு போய்விடும் என்றார். அப்படியே நடந்தது.

காணாமல் போன கடிதம்

எல்லா அலுவலகத்திலும் ஒரே அனுபவம் கிடைக்கவில்லை. ஓர் இடத்தில் எங்கள் விண்ணப்பம் வரவேயில்லை என்றார்கள். கொடுத்த கையும் வாங்கிய கையும் எங்களுக்கு நினைவிருந்தது. ஆனால் நினைவைக் கொண்டுபோய் மேசையில் வைக்க முடியாது. எங்கள் செயலாளர் அக்கா ஒவ்வொரு கடிதத்துக்கும் இரண்டாம் பிரதி எடுத்து, அதில் திகதி முத்திரையும் பெற்றவரின் கையொப்பமும் வாங்கி ஒரு பைலில் கோர்த்து வைத்திருந்தார். அதை எடுத்து வைத்த பிறகு தேடினார்கள், கிடைத்தது. வேறொரு கடிதத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. கையெழுத்து வைக்க வேண்டிய சேர் லீவில் இருந்தார், அவருக்குப் பதிலாக வந்தவருக்கு விஷயம் தெரியாது. அந்தப் பைல் இல்லாவிட்டால் நிகழ்ச்சி அந்த மேசையிலேயே நின்றிருக்கும். ஆகவே எந்த அலுவலகத்துக்கும் ஒற்றைத் தாளோடு போகாதீர்கள். "ஓம், செய்யுங்க, பிரச்சினையில்ல" என்று வாயால் சொன்னதை நம்பி நோட்டீஸ் அடிக்காதீர்கள்.

இன்னோர் இடத்தில் சிங்களத்தில் மட்டும் அச்சடித்த படிவத்தைத் தந்தார்கள். வடக்கு கிழக்கு மாகாணங்களில் நிருவாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை சொல்கிறது. தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் எங்களுக்கு உரிமை உண்டு. நாங்கள் தமிழிலேயே நிரப்பினோம், ஏற்றுக் கொண்டார்கள். அதோடு ஒரு சிங்கள மொழிபெயர்ப்பையும் நாங்களாகவே இணைத்தோம். உரிமையை விட்டுக் கொடுத்ததாக இதை நான் பார்க்கவில்லை. அந்தக் கதிரையில் இருந்த உத்தியோகத்தருக்குத் தமிழ் வாசிக்க வராது. அவர் புரிந்து கையெழுத்து வைப்பதுதான் எங்களுக்கு வேண்டியது. ஆனால் தமிழில் படிவம் அடித்து வைப்பது அரசின் கடமை. அதைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும்.

கடற்கரைக்காரர்

எந்தச் சட்டத்திலும் எழுதாத ஓர் அனுமதி, எங்களுக்கு எல்லாவற்றிலும் பெரிதாக இருந்தது. கல்லடிக் கடற்கரையில் கரைவலை இழுக்கிறார்கள். நாங்கள் களரிக்குக் குறித்த இடம் தோணி ஏற்றி வைக்கும் இடம் என்று எந்த அலுவலக வரைபடத்திலும் இல்லை. அந்தப் பக்கத்து மீனவர் சங்கத்துப் பெரியவர் ஒருவரிடம் போய்ச் சொன்னோம். "மனே, நீங்க கம்பு நடுற இடத்திலதான் எங்கட தோணி நிக்கும். கொஞ்சம் வடக்கால தள்ளிப் போடுங்க, நாங்களும் வந்து பாப்பம்" என்றார். தள்ளிப் போட்டோம். வரைபடத்தைத் திருத்தி மறுபடியும் எல்லா அலுவலகத்துக்கும் கொடுக்க வேண்டியிருந்தது, பரவாயில்லை. அவர்கள் சங்கத்தின் கடிதத்தாளில் எழுதித் தந்த சம்மதம் பொலிஸிலும் பிரதேச செயலகத்திலும் எங்கள் விண்ணப்பத்துக்குத் தந்த பலத்தை வேறெந்தத் தாளும் தரவில்லை. இதை முதலிலேயே செய்வது நல்லது. அயலவரின் ஆட்சேபனை என்ற ஒன்று இல்லாமல் போனால், அதிகாரி மறுப்பதற்குப் பெரிய காரணம் ஒன்று போய்விடுகிறது.

மற்றவை

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டுக் கடைகளுக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், நாங்கள் பி.எச்.ஐ. என்று சொல்பவர், வந்து பார்க்க வேண்டும். சமைப்பவர்களின் மருத்துவச் சான்று, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கை கழுவ எங்கே இடம் என்பவை அவருக்கு முக்கியம். 2017இலிருந்து சாப்பாடு சுற்றும் பொலித்தீன் தாளான லஞ்ச் சீற் தடை. 2023 ஒக்டோபரிலிருந்து ஒருமுறை பாவித்து எறியும் பிளாஸ்ரிக் தட்டு, கரண்டி, ஸ்ட்ரோ, இடியப்பத் தட்டு எல்லாம் தடை. கடைக்காரப் பெண்கள் வாழையிலையும் தாமரையிலையும் கொண்டு வந்தார்கள். எருமைத் தயிர் சட்டியிலேயே வந்தது. குப்பைக்கு மாநகர சபையில் திருப்பித் தரும் வைப்புப் பணம் ஒன்று கட்டினோம். மின்சாரத்துக்குத் தற்காலிக இணைப்புக் கேட்பதைவிட ஜெனறேற்றர் வாடகைக்கு எடுத்தது லேசு. அதன் பக்கத்தில் தீயணைக்கும் சிலிண்டரும் வைத்தோம்.

முன்வரிசைக் கதிரைகளுக்கு ரிக்கெற் போட்டால் செலவை ஈடு செய்யலாம் என்று ஒருவர் சொன்னார். ரிக்கெற் என்று வந்தால் களியாட்ட வரி வரும். விற்க முன்னரே மாநகர சபையில் ரிக்கெற் புத்தகங்களைக் காட்டி முத்திரை வாங்க வேண்டும், விற்ற கணக்கும் கொடுக்க வேண்டும். அதை விட, கூத்துப் பார்க்க வரும் கிழவிகளைப் பின்னுக்கு இருத்திவிட்டுக் காசுக்காரரை முன்னுக்கு இருத்த எங்களுக்கு மனம் வரவில்லை. விட்டுவிட்டோம். வீடியோக்காரர் ட்ரோன் விடக் கேட்டார். அதற்குச் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் விதிகள் உண்டு, மட்டக்களப்பு விமான நிலையமும் தூரத்தில் இல்லை. அதையும் வேண்டாம் என்றோம்.

திகதி தெரிவதைப் பற்றி ஒரு சொல். போயா, ஆடி அமாவாசையையொட்டிய மாமாங்கத் திருவிழா, புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம் என்று வரும் பரீட்சைக் காலம், தேர்தல் காலம் இவற்றை முதலிலேயே நாட்காட்டியில் அடித்துவிட்டுத் திகதி தேடுங்கள். பரீட்சைக் காலத்தில் ஒலிபெருக்கி கேட்பதே பிழை என்பது என் கருத்து. திருவிழாக் காலத்தில் பொலிஸாரை வேறு பக்கம் விட முடியாது. ஐப்பசிக்குப் பிறகு மழை.

அன்று என்ன நடந்தது

ஊர்வலம் குறித்த நேரத்தைவிடக் கொஞ்சம் பிந்தித் தொடங்கியது. களரிக்கு வந்து சேர்ந்தபோது பொழுது பட்டுவிட்டது. அண்ணாவியாருக்கு அதில் திருப்தி. எதிர்பார்த்ததைவிடச் சனம் கூட. வாகனத் தரிப்பிடம் போதவில்லை. இதுதான் எங்கள் திட்டத்தின் பலவீனமான பகுதி. உள்வீதிகளில் மோட்டார் சைக்கிள்கள் நின்று வீட்டுக்காரர்கள் சிலர் சிரமப்பட்டார்கள். கடமையில் இருந்த பொலிஸ்காரர்கள் எங்கள் பெடியன்களோடு சேர்ந்து அதைச் சரிசெய்தார்கள். பத்து மணிக்குச் சற்று முன் மங்களம் பாடி மைக்கை நிறுத்தினோம். சில இளைஞர்கள் "இன்னும் கொஞ்சம்" என்று கேட்டார்கள். இன்னும் ஐந்து நிமிடம் போயிருந்தால் யாரும் வழக்குப் போட்டிருக்க மாட்டார்கள். ஆனால் எங்களுக்குப் பிறகு விண்ணப்பிக்கும் அடுத்த கழகம் அதற்கு விலை கொடுத்திருக்கும். அடுத்த நாள் காலை கடைக்காரப் பெண்களும் பெடியன்களும் மீனவர்களுமாகக் கடற்கரையைக் கூட்டினார்கள். வைப்புப் பணம் முழுவதும் திரும்பக் கிடைத்தது.

மாநகர சபையிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. பொது இடத்தில் நிகழ்ச்சி வைப்பவர் எந்த அலுவலகத்துக்கு எந்த வரிசையில் போக வேண்டும் என்று ஒரே ஒரு தாள், தமிழில், கட்டண விபரத்தோடு அறிவித்தல் பலகையில் போடலாம். சபைக்குரிய இடம், குப்பை, சாப்பாட்டுக் கடை, தீயணைப்பு நான்கும் சபைக்குள்ளேயே முடிகிற வேலை; அதற்கு ஒரு கவுண்டர் போதும். 2023 மார்ச்சிலிருந்து 2025 தேர்தல் வரை சபைகளுக்கு உறுப்பினர் இல்லாமல் இருந்தது. இப்போது கேட்க ஆள் இருக்கிறார்கள், கேட்கலாம்.

மறுத்தால்

எங்களுக்கு மறுப்பு வரவில்லை. கூத்துக்கு வழிவிட எல்லாருக்கும் மனம் இருந்தது. எல்லா ஒன்றுகூடலுக்கும் அந்த மனம் கிடைப்பதில்லை என்பதையும் இங்கே எழுதாமல் விட முடியாது. நாங்கள் களரி கட்டிய இடத்திலிருந்து சற்றுத் தள்ளி, நாவலடியில்தான் அன்னை பூபதியின் நினைவிடம் இருக்கிறது. 1988இல் இந்திய அமைதிப்படைக்கும் புலிகளுக்கும் இடையில் போர்நிறுத்தம் கேட்டு மாமாங்கத்தில் உண்ணாவிரதமிருந்து ஏப்ரல் 19ஆம் திகதி உயிர்விட்டவர். அவரை நினைத்து விளக்கேற்ற வருபவர்களுக்கும் தடை வந்ததுண்டு. 2021 பெப்ரவரியில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டிக்கு உரிமை கோரிப் போன பேரணிக்கு எதிராகப் பல நீதிமன்றங்களில் பொலிஸார் தடையுத்தரவு பெற்றிருந்தார்கள். இப்படியான சந்தர்ப்பங்களில் பெரும்பாலும் கையில் எடுப்பது, 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 106ஆம் பிரிவு. பொதுத் தொல்லையைத் தடுக்கவென்று இருக்கும் அந்தப் பிரிவு, அழுது விளக்கேற்ற வரும் தாய்மாருக்கு எதிராகப் பாவிக்கப்படுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஒரு நிகழ்ச்சிக்கு மறுப்பு வந்தால் முதலில் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அந்த நிறுவனத்தின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பிக்கலாம். 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். தடையுத்தரவு வந்தால் அதில் யாருடைய பெயர், எந்த இடம், எத்தனை நாள் என்று வாசித்து, ஒரு சட்டத்தரணியோடு அதே நீதிமன்றத்தில் திருத்தவோ நீக்கவோ கேட்கலாம். அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் போவதானால் அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. அதன் பிராந்திய அலுவலகங்கள் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் இருக்கின்றன. போகும்போது திகதி முத்திரை வைத்த உங்கள் இரண்டாம் பிரதிகளைக் கொண்டு போங்கள். அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.